கொடுமுடி தந்த குரல்

திருக்கோயில் என்பது கல்லும் சுதையும் மட்டும் கூடி அமைவதன்று. கருவறைக்கு உயிரூட்டுவன மந்திரமும் தீர்த்தமும் ஆயின், அவ்வுயிர் அடியார் நெஞ்சில் இறங்குதற்கு வழி செய்வது இசையாகும். குழலிசையில் ஐந்தெழுத்தை அமைத்தே ஆனாய நாயனார் இறைவன் திருவடியை அடைந்தார். யாழ் ஒன்றையே துணையாகக் கொண்டு தலந்தோறும் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் அறுபத்துமூவருள் ஒருவராக எண்ணப்பெற்றார். நூல் கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் ஒருங்கே கதவு திறப்பது இசையே என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், கொங்கு நாட்டிலே தோன்றி, நாடக மேடையிலே வளர்ந்து, துயரத் தீயிலே புடமிடப்பெற்று, முடிவில் முருகப் பெருமான் சந்நிதிக்கே தம் குரலைக் காணிக்கையாக்கிய ஒரு பெருமாட்டியின் வாழ்வை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவர்தாம் கே. பி. சுந்தராம்பாள் என்று தமிழுலகம் அறிந்த கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் அம்மையார். பெயரின் முன் நிற்பவை பிறந்த ஊரும் பெற்ற தாயும் ஆகும். அவ்விரண்டையும் அவர் இறுதிவரை சுமந்தார்.

பிறந்த ஊர்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருச்செங்கோடு, பவானி, கருவூர், வெஞ்சமாக்கூடல் ஆகியவற்றோடு ஒன்றாக வைத்து எண்ணப்படுவது திருப்பாண்டிக் கொடுமுடி. காவிரி கிழக்கு நோக்கித் திரும்பிப் பாய, வன்னி மர நிழலில் மகுடேசுவரர் வீற்றிருக்கும் தலம் அது. மூவர் முதலிகளும் பாடியருளிய பெருமை அதற்குண்டு. அங்கேதான் சுந்தரமூர்த்தி சுவாமிகள் நமச்சிவாயத் திருப்பதிகத்தை அருளிச்செய்தார். மனம் மறந்த வேளையிலும் நாவானது தானே திருவைந்தெழுத்தைச் சொல்லும் என்பது அப்பதிகத்தின் கருத்து. நாவின் நன்றியைப் பாடிய அத்தலத்திலே, நாவினாலேயே புகழும் அருளும் எய்திய ஒருவர், சுந்தரர் திருப்பெயரையே தம் பெயரிற் கொண்டு 1908-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் பிறந்தார். இதனைத் தற்செயல் என்று கொள்ள அடியேன் உள்ளம் ஒருப்படவில்லை.

இளமையிலேயே தந்தையின் துணை இல்லாது போயிற்று. தாய் பாலாம்பாள் வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார். குடும்பத்துக்கு இருந்த செல்வம் அச்சிறுமியின் தொண்டை ஒன்றே. ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடி வழியாகவே செல்கிறது. அவ்வழி சென்ற இரயில் வண்டியில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு வியந்த பெரியோரே அவரை நாடகத்துக்கு ஆற்றுப்படுத்தினர் என்று வழிவழியாகக் கூறுவர். வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ந்து, குழந்தை வேடங்களில் தொடங்கி, விரைவிலேயே தலைமை வேடம் ஏற்கும் நிலைக்கு உயர்ந்தார்.

அந்நாளைய நாடகமும் கேட்போர் கூட்டமும்

இக்காலத்து இளைஞர்க்கு அந்நாளைய நாடகம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். தமிழ் நாடகத்துக்குத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் தூத்துக்குடி சங்கரதாச சுவாமிகள் (1867 - 1922) புராணக் கதைகளையும் அடியார் வரலாறுகளையும் இசை நாடகங்களாக யாத்து வைத்தார். அந்நூல்களை மனப்பாடமாகக் கொண்ட நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை எதுவுமின்றி ஒரே இரவில் ஒரே மேடையிற் கூடி நடிப்பது ஸ்பெஷல் நாடகம் எனப்பட்டது. பாட்டுக்குப் பாட்டு, தர்க்கத்துக்குத் தர்க்கம் என்று ஒருவரை ஒருவர் மடக்குவர். அதில் வெல்வதற்குக் கல்வியும் வேண்டும், குரலும் வேண்டும், உடனுக்குடன் எழும் அறிவும் வேண்டும்.

இரவு உணவுக்குப் பின் தொடங்கும் நாடகம் விடிவெள்ளி எழும் வரை நடக்கும். சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டும் கால்நடையாகவும் வருவர். பாய் கொண்டுவந்தோர் பாயிலும், இல்லாதோர் மணலிலும் அமர்வர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. காஸ் விளக்கின் சீறல், குழந்தைகளின் அழுகை, கூட்டத்தின் சலசலப்பு ஆகிய அனைத்தையும் கடந்து கடைசி வரிசையில் அமர்ந்த கிழவியின் செவிக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர்தல் வேண்டும். சேராவிடிற் கூட்டம் பொறுக்காது. சேர்ந்தாலோ அதே பாட்டை மீண்டும் மீண்டும் பாடச் சொல்லி விடியச் செய்துவிடும். சுந்தராம்பாளின் குரலுக்கு ஆசிரியராய் நின்றது இந்தக் கூட்டமேயாகும். உச்சத்திலே நிற்கும்போதும் எழுத்துச் சிதையாமை, பொருள் உணர்ந்து பாடுதல் ஆகிய இரண்டையும் அவருக்குக் கற்பித்தவர் மணலில் அமர்ந்திருந்த அம்மக்களே.

நாடகங்கள் பலவற்றுள்ளும் மக்கள் மிக விரும்பியது வள்ளி திருமணம். தினைப்புனத்துப் பரண்மீது நின்று கவண் வீசி ஆலோலம் பாடும் வள்ளி, நாடி வந்து கலகம் விளைக்கும் நாரதர், வேடனாகவும் விருத்தனாகவும் கோலம் மாற்றி வரும் வேலன், யானையாய் வந்து துணைபுரியும் விநாயகர் ஆகியோரைக் கொண்ட அக்கதையின் உட்பொருள் நம் சித்தாந்தத்தின் உட்பொருளேயாகும். ஆன்மா இறைவனைத் தேடும் முன்னே இறைவன் ஆன்மாவைத் தேடி வருகிறான். அறியாமையால் அது விலகினும், கோலம் மாற்றி மாற்றி வந்து ஆட்கொள்கிறான். மடங்களிற் பல்லாண்டு பாடங்கேட்டு அறியவேண்டிய இக்கருத்தை எழுத்தறியாத உழவர் ஓரிரவில் உணர்ந்து எழுந்து சென்றனர்.

வேலனும் வள்ளியும்

சுந்தராம்பாளின் புகழ் கடல் கடந்தது. அவர் இலங்கையில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1926-ஆம் ஆண்டில், செங்கோட்டை கிட்டப்பா அங்கு வந்து சேர்ந்தார். 1906-இற் பிறந்த கிட்டப்பா இளமையிலேயே நாடகம் புகுந்து, கன்னையா குழுவின் தசாவதார நாடகத்தாற் பெரும்புகழ் பெற்றவர். மிக உயர்ந்த சுருதியில் இழைக்கும் குரல் அவருடையது. இவ்விரு குரல்களும் ஒரே மேடையில் எதிரெதிர் நின்றபோது, ஒன்றை ஒன்று விழுங்கிவிடுமோ என்று அஞ்சியவர் உண்டு. நிகழ்ந்ததோ வேறு. ஒன்று மற்றொன்றை மேலும் உயரத்துக்குத் தூக்கிச் சென்றது.

1927-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மணமாகியிருந்தது என்பதையும், சாதி வேற்றுமை குறித்து அந்நாளில் எழுந்த பேச்சுகளையும் மறைக்க வேண்டுவதில்லை. பின்னர் அமைந்த வாழ்வும் இடையறாத இன்பமாய் அமையவில்லை. பிறந்த மகவு நிலைக்கவில்லை; மனத்தாங்கலும் பிரிவும் நேர்ந்தன. ஆயினும் மேடையில் வேலனும் வள்ளியுமாய் அவர்கள் தோன்றிய இரவுகளில் ஊர் முழுவதும் உறக்கம் துறந்தது. இசைத்தட்டுகள் அவர்கள் குரலை நாடகம் சென்றறியாத இல்லங்களுக்கும் கொண்டு சென்றன.

பின்னர்க் கிட்டப்பாவின் உடல் நலிந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், இருபத்தேழே அகவையில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு அகவை இருபத்தைந்து.

துறவும் மீட்சியும்

அன்று முதல் அவர் வெள்ளாடை அன்றி வேறு ஆடை உடுத்தவில்லை. ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இவ்வுறுதியின் பொருளை அன்பர்கள் சிந்தித்தல் வேண்டும். அக்காலத்து நாடகத்தில் தலைவனும் தலைவியும் எதிரெதிர் நின்று பாடுவதே உயிர்நாடி. அதனை விடுதல் என்பது தம் தொழிலையே விடுதல் ஆகும். புகழ் உச்சியிலும் இளமை நிறைவிலும் நின்ற ஒருவர், தம்மை உலகுக்கு அறிமுகம் செய்த வள்ளி வேடத்தை ஒரே நாளிற் களைந்தெறிந்தார். தினைப்புனத்துப் பரண் வெறுமையாயிற்று.

காரைக்காலம்மையார் வரலாற்றை இங்கு நினைத்தல் தகும். கணவன் நீங்கிய பின் அழகுக் கோலத்தைச் சுமையென உதறிப் பேயுருக் கொண்டு, ஆடும் பெருமானின் அடிக்கீழ் இருந்து பாடும் பேற்றினை வேண்டிப் பெற்றார் அம்மையார். நாயன்மார் நிலை வேறு. நம்மனோர் நிலை வேறு. ஆயினும் துயரம் வந்துற்றபோது உடைந்து ஒழிதலும் உண்டு. உதறவேண்டியவற்றை உதறி எஞ்சியதைப் பாட்டாக்குதலும் உண்டு. சுந்தராம்பாள் முதலில் ஒடுங்கியிருந்தார். பின்னர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார்.

அவ்வழியைத் திறந்தவர் திருநாளைப்போவார். நந்தனார் சரிதத்தைப் பேசும் படமாக்க முன்வந்தோர், அந்நந்தனாராகவே நடிக்க வேண்டுமென அவரை அணுகினர். நடிக்கும் எண்ணம் இல்லாதவராய், வந்தவர்கள் திரும்பிச் செல்லட்டும் என்று கருதி, அந்நாளில் எவரும் கேட்டறியாத ஒரு லட்சம் ரூபாயை ஊதியமாகக் கேட்டார் என்பர். வந்தவர்களோ அதற்கும் இசைந்தனர். 1935-இல் வெளிவந்த அப்படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் வேடம் பூண்டமையால் இணை நடிப்பில்லை என்ற உறுதி கெடவில்லை. அதனினும் ஆழமான பொருத்தம் ஒன்றுண்டு. சந்நிதிக்கு வெளியே நின்று, நாளை நாளை என்று ஏங்கி, திருப்புன்கூரில் நந்தி விலகக் கண்டு, தில்லையில் எரி புகுந்து எழுந்த அடியாரின் ஏக்கத்தைப் பாடுதற்கு, உலகத்தார் ஒதுக்கிப் பேசிய நாடகத் தொழிலில் நின்று, வாழ்விலும் எரி புகுந்து எழுந்த ஒருவரினும் தகுதியுடையார் யாவர்?

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திக் காணின் ஓர் உண்மை புலனாகும். மணிமேகலை (1940), ஔவையார் (1953), பூம்புகாரிற் கவுந்தியடிகள் (1964), திருவிளையாடலிலும் (1965) கந்தன் கருணையிலும் (1967) மீண்டும் ஔவையார், பின்னர்க் காரைக்கால் அம்மையார் (1973). எல்லோரும் துறந்தோர், எல்லோரும் வாக்கினால் வாழ்ந்தோர். கவுந்தியடிகள் சமண சமயத்தவர், மணிமேகலை பௌத்தம் சார்ந்தவள் எனினும், உலகப் பற்றை விட்டு நின்ற நிலையில் அவர்கள் யாவரும் ஓரினமே. இளமையை ஊன்றுகோலுக்கு மாற்றிக்கொண்ட ஔவையின் கதையை நடித்தவர், தம் இளமையை வெள்ளாடைக்கு மாற்றிக்கொண்டவர். ஆகவே அது வேடமாக விளங்கவில்லை. அவருடைய இயல்பாகவே மக்களுக்குத் தோன்றியது.

நாட்டுப் பணியும் அவர் வாழ்வில் ஒரு பகுதியாக இருந்தது. தீரர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தாற் காங்கிரஸ் கூட்டங்களிற் பாடி, விடுதலை வேட்கையை ஊர்தோறும் பரப்பினார். சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் விளங்கினார். தமிழிசைச் சங்கம் அவரை இசைப் பேரறிஞர் எனப் பாராட்டியது. கோயமுத்தூரைச் சேர்ந்தவரும் மருதமலை முருகனுக்குத் திருப்பணிகள் பல செய்தவருமான சாண்டோ சின்னப்பா தேவர் 1969-இல் எடுத்த துணைவன் படத்திற் பாடியதற்காகத் தேசிய விருதும், 1970-இற் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. எனினும் ஊர் மக்கள் அவருக்கு வழங்கிய பட்டம் கொடுமுடி கோகிலம் என்பதே. அதுவே நிலைத்தது.

அடியேன் கேட்ட இரவு

அடியேன் மடத்தில் தமிழும் சாத்திரமும் பயின்ற இளமையில், நாடகம் பார்க்கச் செல்லுதல் மாணவர்க்கு விலக்கப்பட்டிருந்தது. பாடஞ்சொன்ன முதியவர் நாடகம் என்ற சொல்லையே முகம் சுளித்துத்தான் கேட்பார். மேடையில் வேலன் வேடமிட்டுப் பொருள் ஈட்டுதல் தெய்வ நிந்தனை என்பது அவர் துணிபு. அக்காலத்தில் அண்டையூர்த் திருக்கோயில் ஒன்றின் திருவிழாவில் சுந்தராம்பாள் அம்மையாரின் இசைக்கச்சேரி நிகழ்ந்தது. இசைக்கச்சேரி ஆதலின் மாணவர்க்கு விலக்கில்லை. ஆசிரியரும் எங்களோடு வந்தார்.

தேர் நிலைக்கு அப்பால், கூட்டத்தின் கடைசியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வெள்ளாடையும் நெற்றி நிறைந்த திருநீறும் தொலைவிலிருந்து ஒரு புள்ளியாகவே தெரிந்தன. குரலோ அருகிலே அமர்ந்து சொல்வது போல ஒலித்தது. ஒவ்வோர் எழுத்தும் உரிய ஒலியோடு, உரிய பொருளோடு வந்தது. பாட்டறிந்தோரும் அறியாதோரும் ஒருங்கே அசைவற்றிருந்தனர். கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் ஆசிரியர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. மறுநாட் பாடத்தின் நடுவே, வேடம் இட்டவர் எல்லாம் வேடதாரியர் அல்லர் என்றும், மெய்ப்பொருள் நாயனார் வேடத்தையே வணங்கினார் அன்றோ என்றும் தமக்குத் தாமே கூறிக்கொள்வார்போலச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடியேனுக்கு அதுவே போதுமானதாயிற்று.

இன்று எண்ணிப் பார்க்கின் ஒன்று விளங்குகிறது. மேடையில் முருகனாய் நின்றவர் 1933-இல் மறைந்தார். வேடத்து முருகன் நீங்கிய பின்னரே வேடமில்லாத முருகனை நோக்கி அவ்வம்மையாரின் குரல் திரும்பியது. வள்ளி வேடத்தைக் களைந்தவர் வள்ளியின் நிலையையே எய்தினார் என்றால் மிகையாகாது. நாடக மேடை அவருக்குக் குரலைப் பழக்கியது. துயரம் அக்குரலுக்குப் பொருளைத் தந்தது. திருவருள் அதற்கு இலக்கைக் காட்டியது.

அன்பர்க்கு ஒரு விண்ணப்பம்

1980-ஆம் ஆண்டில் அம்மையார் இறைவன் திருவடி நிழலை அடைந்தார். இன்றும் கிருத்திகை நாட்களிலும் தைப்பூசத்திலும் முருகன் கோயில்களின் ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுகின்றது. அது நம் பேறு. ஆயினும் பதிவு செய்யப்பெற்ற குரல் ஒன்றே கோயிலுக்குப் போதும் என்று நாம் அமைந்துவிடுதல் தகாது. அக்குரலை உருவாக்கியது மணலில் விடிய விடிய அமர்ந்து கேட்ட கூட்டம் என்பதை முன்னரே கூறினோம். கேட்போர் நேரில் வந்து அமராவிடின் பாடுவோர் தோன்றார். ஓதுவார் பாடும் வேளையில் ஒருவரும் நில்லாது செல்வதும், நாதசுரக் கலைஞர் வெறும் மண்டபத்துக்கு வாசிப்பதும், திருவிழா நாடகத்துக்குக் கொடுக்கும் பொருளைக் குறைத்து மின்விளக்குக்குச் செலவிடுவதும் இக்காலத்துக் காட்சிகளாய் உள்ளன.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கொங்கு நாட்டின் ஊர்ப் பொதுவிடங்களில் வள்ளி கும்மி மீண்டும் தழைத்து வருகிறது. அக்கலையை வளர்த்த கோவை வட்டாரத்து முதியவர் ஒருவர்க்கு 2024-இற் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை அன்பர்கள் அறிவர். தினைப்புனத்து வள்ளி இந்நாட்டை விட்டு நீங்கிவிடவில்லை. அவள் கதையைக் கேட்க நாம் வந்து அமர்வதே வேண்டுவது.

பங்குனி உத்திரக் காலத்தில் கொங்கு நாட்டு மக்கள் கொடுமுடியிற் காவிரி நீரை முகந்து, தீர்த்தக் காவடியாகத் தோளிற் சுமந்து, வெயிலையும் வழிநடையையும் பாராது பழனிக்குச் சென்று ஆண்டவனுக்கு அபிடேகம் செய்விப்பர். கொடுமுடியிற் பிறந்த அக்குரலும் அத்தகைய ஒரு தீர்த்தமே. வறுமை, புகழ், பிரிவு, துயரம் என்னும் நெடுவழி முழுவதும் ஒரு துளியும் சிந்தாமற் சுமந்து வந்து, அதனை முருகன் திருமுடியிற் சேர்த்தார் அம்மையார். இத்திருக்கோயிலிற் குடநீர் கலசத்தின்மேற் பொழியும் இந்நாளில், இங்கே இசைக்கும் கூத்துக்கும் என்றும் இடமிருக்கவும், அவற்றைக் கேட்க நம் மக்கள் என்றும் திரண்டு வரவும் திருவருள் கூட்டுவதாக.